அச்சியந்திரத்தை அகற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மரபான பதிப்போவியத்தையும் (தகடு, கல், மரக்கட்டை போன்றவற்றில் உருவாக்கிய படத்தைத் தாளில் அச்சிட்டெடுக்கும் கலை) கணினித் தொழில்நுட்பத்தையும் இணைத்துக் கற்பிக்கும் பல்கலைக்கழக வடிவமைப்பு விரிவுரையாளர் ஒருவரைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியுடன் படித்தேன். அவருடைய முயற்சி நிலைக்கப் பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதை வலியுறுத்தவே இக்கடிதம்.

கணினி வந்ததால் பதிப்போவியத்தின் தூய்மை கெட்டுவிடும் என்று சிலர் வருந்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. 1790-களின் இறுதியில் நாடக ஆசிரியர் அலாய்ஸ் செனஃபெல்டர் கல்லச்சு முறையை (கல்லில் வரைந்ததைத் தாளில் அச்சிடும் முறை) உருவாக்கியது, தம் நாடகங்களைக் குறைந்த செலவில் அச்சிடும் வழியைத் தேடியபோதுதான். பின்னர் கோயா, தூலூஸ் லோத்ரெக் போன்ற ஓவியர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். விளம்பரத் தொழிலில் புழங்கிய ஸ்கிரீன் பிரிண்டிங்கும் அப்படித்தான் ஓவியக்கூடத்துக்குள் நுழைந்தது. மரக்கட்டையைக் கணினி வழியே செதுக்கும் லேசர் கருவிக்கு மட்டும் கதவடைப்பதில் நியாயம் இல்லை.

எனக்குள்ள கவலை வேறு. புதிய கருவிகளுக்கு இடம் வேண்டும் என்று சொல்லிப் பழைய கை அச்சியந்திரங்களை ஓரங்கட்டுவதும், கணினிக்கூடத்தை ஒரு கட்டடத்திலும் அச்சுக்கூடத்தை இன்னொரு கட்டடத்திலும் வைப்பதும் இந்த இணைப்பையே முறித்துவிடும். செதுக்கிய செப்புத் தகட்டின் பள்ளங்களில் தங்கிய மையைத் தாள் முழுமையாக வாங்கிக்கொள்ள வேண்டுமானால், தாளை முன்பே நனைத்துப் பதமாக வைத்திருக்க வேண்டும். அதே தாளில் நீரில் கரையும் சாய மையால் இன்க்ஜெட் படம் ஒன்றை முதலில் அச்சிட்டிருந்தால், நனைத்தவுடன் நிறம் கசிந்துவிடும். நீரில் கரையாத நிறமி மையைப் பயன்படுத்தினாலும் சிக்கல் தீராது. ஈரத்தில் தாள் சிறிது விரிவதால், உலர்ந்த நிலையில் அச்சிட்ட படமும் தகட்டின் கோடுகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நிற்கும். அந்த விலகலை அளந்து, திரையில் படத்தின் அளவைத் திருத்தி, மறுபடியும் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். தாளைத் தொட்டுப் பதம் பார்க்கும் கையும் திரையில் திருத்தும் கையும் ஒரே மாணவருடையதாக இருந்தால்தான் இது கைவரும். லேசரால் செதுக்கிய மரக்கட்டையிலும் இதே நிலைதான். கோடுகளைக் கருவியே எரித்துத் தந்துவிடும். மையின் கெட்டித்தன்மையையும் உருளையின் அழுத்தத்தையும் மனிதர்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஆகவே, லேசர் கருவியையும் கணினியையும் அச்சியந்திரம் இருக்கும் கூடத்திலேயே அமைக்குமாறு பல்கலைக்கழக நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன். தகடுகளை அரிக்க அமிலம் கையாளும் பகுதிக்கும் லேசர் புகைக்கும் தனித்தனிக் காற்றோட்ட வசதி அவசியம் என்பதை நான் அறிவேன். தடுப்புச் சுவரும் புகைபோக்கியும் அமைத்தால் அது தீரும். கணினியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டியிருக்கிறது. நன்கு பராமரித்த அச்சியந்திரமோ தலைமுறை தாண்டியும் உழைக்கும். அதைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டால், பின்னாளில் அதே தரத்தில் இன்னொன்றைத் தேடிப்பிடிப்பது எளிதன்று.

விரிவுரையாளர் இப்படி உருவாக்கும் பதிப்போவியங்களையும், அவற்றுக்காகச் செய்யும் சோதனைகளின் பதிவேடுகளையும் பதவி உயர்வின்போது ஆய்வுப் பணியாகவே மதிப்பிட வேண்டும். கட்டுரைகளை மட்டும் எண்ணிப் பார்க்கும் வழக்கம் தொடர்ந்தால், மை படிந்த கையோடு கற்பிக்க முன்வரும் இளம் ஆசிரியர்கள் குறைந்துபோவார்கள்.

இப்படிக்கு,
பதிப்போவியத்தில் ஈடுபாடுள்ள வாசகர்