தீட்சை கொடுக்கும் ஐயாமார்களுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சிற்றம்பலம்.

ஊர் ஊராகச் சென்று முகாம் நடத்தி, சைவ நெறிக்குள் சேர்க்கும் முதல் தீட்சையான சமய தீட்சையைச் செய்து வைக்கும் சிவாசாரியப் பெருமக்களுக்கும், மடத்துத் துறவிகளான தம்பிரான் சுவாமிகளுக்கும் வணக்கம்.

உங்களிடம் தீட்சை வாங்கியவர்களில் நானும் ஒருவன். முகாம் நடந்தால் பந்தல் வேலை, வரிசை, பந்தி என்று உதவிக்கு நிற்பவன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். தீட்சை கொடுத்த மறுநாளிலிருந்து அந்த ஆளுக்கு யார் பாடம் சொல்வது?

ஒரே காலையில் பெருங்கூட்டத்துக்குத் தீட்சை முடிந்துவிடுகிறது. திருநீறு, உருத்திராக்கம், காதில் ஐந்தெழுத்து, கையில் தினசரி வழிபாட்டு முறையைச் சொல்லும் ஒரு சிறிய அனுட்டானப் புத்தகம். அப்புறம் சாப்பாடு, பேருந்து. சில மாதம் கழித்து அவர்களையே கோயிலைத் துப்புரவு செய்யும் உழவாரப்பணியில் பார்த்து விசாரித்தால், "அனுட்டானமெல்லாம் விட்டுப்போச்சுங்க, புத்தகத்தைப் பார்த்துப் புரியல" என்று தலையைக் குனிந்துகொள்கிறார்கள். குனிய வேண்டியது அவர்கள் தலை இல்லை.

கூட்டமாகக் கொடுப்பதை நான் குறை சொல்ல வரவில்லை. கேட்டு வந்தவர் எவரானாலும் கொடுக்கத்தான் வேண்டும். சிதம்பரத்தை அடுத்த கொற்றவன்குடியில், சைவ சித்தாந்த ஆசிரியரான உமாபதி சிவாசாரியார் மடத்துக்கு விறகு போட்டவர் பெற்றான் சாம்பான். அவருக்குச் சாதிப் பேதம் பார்க்காமல் தீட்சை செய்து முத்தி கொடுக்கும்படி தில்லைக் கூத்தனே சீட்டு எழுதி அனுப்பினான் என்பது நம் மரபு சொல்லும் வரலாறு. அதற்கு மேல் யாரிடம் அனுமதி வாங்குவது?

ஆனால் உள்ளே வந்தவருக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டாமா? 12-ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியார் முறைப்படுத்தி எழுதிவைத்த தீட்சைக் கிரியைகளைப் பாருங்கள். சீடனின் கண்ணைத் துணியால் கட்டி, பூசைக்கென்று வரைந்த கோலமான மண்டலத்தின் முன் கொண்டுவருகிறார்கள். கையில் பூவைக் கொடுத்துப் போடச் சொல்கிறார்கள். கட்டை அவிழ்த்ததும் அவன் முதலில் காண்பது சிவன் எழுந்தருளிய மண்டலத்தை. பூ விழுந்த இடத்தை வைத்துத் தீட்சைப் பெயர் அமைகிறது. பிறகு குரு தம் கையையே சிவன் கையாகப் பாவித்து அவன் தலையில் வைக்கிறார். உயிரை மறைக்கும் ஆணவ இருள், அருள், குருவின் வடிவில் வரும் இறைவன் என்று சித்தாந்தத்தில் பாதி இந்த அரைமணி நேரத்துக்குள் இருக்கிறது. முத்திக்கென்று கொடுக்கும் மேல்நிலைத் தீட்சையான நிர்வாண தீட்சையில் சீடனின் உச்சி முதல் கால்வரை நூலைத் தொங்கவிட்டு, அதில் உயிரைக் கட்டியிருக்கும் பாசத்தைப் பாவித்து, கலை எனப்படும் பகுதி பகுதியாக அறுத்துத் தீயில் இடுவதை ஒருவர் நிதானமாக விளக்கினால் கேட்பவர் ஆயுளுக்கும் மறக்கமாட்டார். நான் பார்த்த முகாம்களில் கண்கட்டு நடந்தது; விளக்கம் நடக்கவில்லை. பக்கத்திலிருந்த அம்மா ஒருவர் துணி எதற்கென்று கேட்டதற்கு, "பேசாம உட்காருங்கம்மா" என்று பதில் வந்தது.

இரகசியம், வெளியே சொல்லக்கூடாது என்பீர்கள். ஐந்தெழுத்தை ஞானசம்பந்தர் தம் திருமணத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்க நல்லூர்ப் பெருமணம் கோயிலில் பாடினார். அதில் எழுத்து இரகசியமில்லை. அதை மூச்சிலும் நினைவிலும் எப்படி நிறுத்துவது என்பதுதான் குருவிடமிருந்து வரவேண்டியது. அதைத்தான் நாங்கள் கேட்கிறோம்.

பிற சமயத்தாரிடமும் இந்தச் சிக்கல் இருந்திருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டு எருசலேமில் ஈஸ்டர் இரவில் திருமுழுக்குப் பெற்றவர்களை அந்த வாரமே மறுபடி கூட்டி, ஏன் மேற்குப் பார்த்து நிற்க வைத்தோம், ஏன் எண்ணெய் பூசினோம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார்கள். ஆயர் சிரில் பெயரில் அந்த உரைகள் இன்றும் கிடைக்கின்றன. நம் பக்கம் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் சைவ வினாவிடை எழுதியது, கேள்வி கேட்கிறவருக்குப் பதில் சொல்லத்தானே? அந்த நூலை நாலு பேர் உட்கார்ந்து சேர்ந்து படித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொன்று. சமய தீட்சை வாங்கிச் சில மாதத்திலேயே "விசேட தீட்சை எப்போ?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு உடனே நாள் குறித்துவிடாதீர்கள். இந்த இரண்டாம் படியான விசேட தீட்சை பெற்றால் சிவபூசை எடுத்துக்கொள்ள வேண்டும். நாள் தவறாமல் செய்யவேண்டும். முதல் தீட்சையின் அனுட்டானமே நிலைக்காதவரைப் பூசையில் கட்டிப்போடுவது அவருக்கு நல்லதில்லை. சிலருக்குத் தீட்சையும் ஒரு பதவி உயர்வு மாதிரி ஆகிவிட்டது, என்ன செய்ய.

நாங்கள் கேட்பது பெரிய காரியமில்லை. வருகிறவரிடம், தினமும் என்ன செய்யவேண்டியிருக்கும், என்ன உண்ணக்கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யோசித்துவிட்டு வரட்டும், வராமலும் போகட்டும். கிரியை நடக்கும்போது ஒருவர் ஒலிபெருக்கியில் எளிய தமிழில் விளக்கட்டும். அடுத்த முகாமின் அழைப்பிதழிலேயே, தீட்சைக்குப் பிறகு எந்தக் கிழமை எந்தக் கோயில் மண்டபத்தில் பாடம் என்று அச்சிடுங்கள். மண்டபத்துக்கும் பாய்க்கும் காபிக்கும் உள்ளூர் அடியார்கள் நாங்கள் பொறுப்பு. பாடம் சொல்ல ஓர் ஓதுவாரையோ தம்பிரானையோ மாதம் ஒருமுறை நீங்கள் அனுப்பினால் போதும். வைகாசி முகாமுக்கு முன்பு பதில் சொல்லுங்கள்.