இன்னும் 178 பங்குகள் தேவை: இம்மாதம் 30-ஆம் தேதி கடைசி நாள்

அன்புடையீர், வணக்கம்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பெற்றவர்களின் குழு நாங்கள். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். எங்கள் பிள்ளைகள் 14 பேருக்கு வேலை தர 4 நிறுவனங்கள் சம்மதித்திருக்கின்றன. அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் என்று ஆளுக்கு ஒரு விதமான சிரமம் உள்ளவர்கள். எல்லோரும் 18 வயதைக் கடந்தவர்கள்தான். பெற்ற வாய்க்குப் பிள்ளைகள் என்றே வருகிறது. யார் யார் வருகிறார்கள் என்பதை இம்மாதம் 30-ஆம் தேதிக்குள் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பட்டியல் தயார். ஆனால் கூடவே போய் நின்று வேலை பழக்கும் ஜாப் கோச்சுகளுக்குக் கொடுக்கத்தான் பணம் போதவில்லை. ஒரு கோச்சின் 10 மணி நேர ஊதியத்தை ஒரு பங்கு என்கிறோம்; அப்படி 178 பங்கு குறைகிறது.

இந்தக் குழுவைத் தொடங்கியவர்கள் ஆறு பெற்றோர். பள்ளி முடிந்த பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே முடங்கிப்போவதைப் பார்க்கச் சகிக்காமல், வாடகை அறை ஒன்றில் நாலு மேசை போட்டு, மெழுகுவத்தி வார்க்கவும் காகித உறை ஒட்டவும் பழக்கினார்கள். செய்ததையெல்லாம் தாங்களே தோளில் சுமந்து போய் விற்றார்கள். "தானம் கேக்கல, பொருள் நல்லா இருந்தா வாங்கிக்குங்க" என்பாராம் அவர்களில் ஒருவர். இன்று அவருக்கு 81 வயது. மழையோ வெயிலோ, கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து உட்கார்ந்துவிடுவார். அந்த அறை போதாது என்று முதலில் சொன்னவரும் அவர்தான். நமக்குள்ளேயே செய்து நமக்குள்ளேயே விற்று எத்தனை நாள் ஓட்டுவது? பிள்ளைகள் வெளியே போக வேண்டும், நாலு பேரோடு நின்று வேலை பார்க்க வேண்டும், அந்த நாலு பேர் வாங்கும் ஊதியத்தையே வாங்க வேண்டும் என்றார். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்காக ஐ.நா. 2006-இல் ஏற்ற உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு, மற்றவர்களுக்குச் சமமாக வேலை செய்து பிழைக்கும் உரிமையைத்தான் பேசுகிறது. அதை அவருக்குப் படித்துக் காட்டினோம். "நாம அப்பவே சொன்னோமே" என்றார்.

ஜாப் கோச் எதற்கு என்று பலர் கேட்கிறீர்கள். முன்பெல்லாம் பயிற்சி முதலில், வேலை பிறகு. பயிற்சி ஆண்டுக்கணக்கில் நடக்கும், வேலை வராது. ஓர் அறையில் கற்றதை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோவதுதான் நம் பிள்ளைகளில் பலருக்குப் பெரும்பாடு. அதனால் முறையைத் திருப்பிப் போட்டார்கள்: முதலில் வேலையில் சேர்ப்பது, பயிற்சியை அங்கேயே கொடுப்பது. 1970-களில் அமெரிக்காவின் மார்க் கோல்டு என்ற ஆய்வாளர், எதையும் கற்க லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு சைக்கிள் பிரேக்கின் பாகங்களைப் பொருத்தப் பழக்கிக் காட்டினார். வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது, ஒரு வழியில் புரியவில்லையென்றால் சொல்லிக்கொடுக்கும் வழியை மாற்றுவது: இதுதான் அவர் செய்தது. எங்கள் கோச்சுகள் செய்வதும் அதுதான்.

போன ஆண்டு ஒரு சலவைக்கூடத்தில் சேர்ந்த தம்பியைச் சொல்கிறோம். துண்டு மடிப்பதை 9 படங்களாக வரைந்து மேசையில் ஒட்டியதும் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டான். சிக்கல் மடிப்பில் இல்லை. இயந்திரம் நிற்கும்போது ஒலிக்கும் பஸ்ஸர் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவான். கோச் அவனைப் பிடித்து நிறுத்தவில்லை. ஒலிப்பதற்கு ஒரு நிமிடம் முன்னால் ஒரு சிவப்பு அட்டையைக் காட்டினார். அவன் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். மூன்றாம் வாரம் கடிகாரத்தைப் பார்த்துத் தானே மாட்டிக்கொண்டான். நான்காம் மாதம் கோச் வாசலோடு திரும்பினார்; அவன் தேடவே இல்லை. முதல் சம்பளச் சீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, குறைபாட்டுச் சான்றிதழ் இருக்கும் கோப்பில் அதற்கு மேலே வைக்கச் சொன்னானாம். இதைச் சொல்லும்போது அவன் அம்மாவுக்குப் பேச்சு வரவில்லை.

அதே ஆண்டு இன்னொரு பிள்ளை 9 நாளில் திரும்பி வந்தாள். காசில்லை என்று கோச் இல்லாமல் அனுப்பினோம். உணவு இடைவேளை முடிந்ததை யாரும் சொல்லாததால் அவள் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். சோம்பேறி என்று பெயர் வைத்துவிட்டார்கள். தவறு எங்களுடையது. இனி ஒருவரையும் அப்படி அனுப்ப மாட்டோம் என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

இனி கணக்கு. சேருமுன் வேலையிடத்தைப் பார்த்துப் படிகள் பிரிக்க 20 மணி நேரம். முதல் 6 வாரம் வாரத்துக்கு 30 மணி, அடுத்த 6 வாரம் 15 மணி, அதன்பின் 12 வாரம் 5 மணி. ஆக ஒருவருக்கு 350 மணி. 10 மணி நேரம் ஒரு பங்கு என்றால் ஆளுக்கு 35 பங்கு, 14 பேருக்கு 490. இதுவரை வந்தது 312, குறைவது 178. அதாவது 8 பேருக்கு முழுதாக இருக்கிறது. ஒன்பதாவது பெண்ணுக்கு 3 பங்கு குறைகிறது. மீதி 5 பேருக்கு ஒன்றுமே இல்லை. கட்டடம், அலுவலகச் செலவு எதுவும் இதில் கிடையாது.

312 பங்கு தந்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! ஓய்வூதியத்திலிருந்து மாதம் தவறாமல் ஒரு பங்கு அனுப்பும் ஆசிரியை, பெயர் வெளியிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டே 40 பங்கு தந்த அன்பர், உண்டியலை அப்படியே கொண்டுவந்து மேசையில் கொட்டிய இரண்டு சிறுவர்கள், தங்கள் ஊதியத்தில் 10 மணி நேரத்தை விட்டுக்கொடுத்த எங்கள் கோச்சுகள், எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் சம்பளத்தில் அடுத்தவனுக்காக ஒரு பங்கு எடுத்து வைத்த அந்தச் சலவைக்கூடத் தம்பி. இறைவன் உங்கள் எல்லோரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

வருத்தத்தோடு ஒன்று. போன கூட்டத்தில் கை தூக்கி 60 பங்கு சொன்னவர்கள் இன்னும் தரவில்லை. சொன்ன சொல் கடன் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தங்கள் பிள்ளைக்கு வேலை கிடைத்ததும் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திய பெற்றோரும் இருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் பக்கத்தில் அன்று நின்ற கோச்சுக்கு யாரோ ஒருவர்தானே கொடுத்தார்? நமக்குப் பின் இவர்களை யார் பார்ப்பது என்று இரவில் விழித்துக் கிடக்காத பெற்றோர் நம்மில் யார்?

அரைப் பங்கும் தரலாம். இருவர் சேர்ந்து ஒரு பங்கும் தரலாம். பணமாக முடியாதவர்கள், உங்கள் அலுவலகத்தில் ஒரு வேலை காலியாக இருந்தால் சொல்லுங்கள், நாங்கள் வந்து பார்க்கிறோம். பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எந்தப் பங்கு யாருக்குப் போனது என்ற கணக்கு பார்வைக்கு வைக்கப்படும். 29-ஆம் தேதி மாலை குழு கூடுகிறது. அன்று எத்தனை பெயர் எழுத முடியுமோ, அத்தனை பெயர்தான் மறுநாள் போகும்.

இப்படிக்கு,
குழுவினர்