அரை ஆயுளோடு நிறுத்திவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கதிரியக்கம் பற்றி நாளிதழ்களில் வரும் கட்டுரைகளில் ஒரு குறை எனக்கு ரொம்ப நாளாக உறுத்துகிறது. அரை ஆயுளை, அதாவது இருக்கும் கதிரியக்க அணுக்களில் பாதி சிதைய ஆகும் நேரத்தை, மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறீர்கள். ஆயிரம் ஆண்டு என்றால் பேராபத்து, சில நொடி என்றால் கவலையே வேண்டாம் என்று படிப்பவர் எடுத்துக்கொள்கிறார். இரண்டுமே தப்பு. சீரியம்-139 ஒன்றை எடுத்துப் பார்த்தாலே புரியும்.

சீரியம் என்றதும் பயப்பட வேண்டாம், அது ஓர் உலோகம், லைட்டர் கல்லில் பொறி பறப்பது அதனால்தான். எங்கள் பக்கத்து மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட்டிலும் அது நிறைய உண்டு. அந்த மணலில் கதிர்வீச்சு இருப்பதற்குக் காரணம் கூடவே இருக்கும் தோரியம், சீரியம் அல்ல. இயற்கைச் சீரியத்தில் 88 சதவீதம் சீரியம்-140. அதில் வேகமான நியூட்ரான் ஒன்று மோதி இரண்டு நியூட்ரான் வெளியே வந்தால் மிஞ்சுவது சீரியம்-139. அதில் ஒரு பகுதி கிளர்ச்சி நிலையிலேயே, அதாவது கூடுதல் ஆற்றலோடு, பிறக்கிறது.

கிளர்ந்த அணுக்கரு பொதுவாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்குக்குள் காமா கதிரை வீசிவிட்டு அடங்கிவிடும். இது அப்படி அடங்குவதில்லை. அதன் ஸ்பின் (அணுக்கருவின் சுழற்சி அளவு) 11/2, இறங்க வேண்டிய அடிநிலையின், அதாவது ஆற்றல் மிகக் குறைந்த நிலையின், ஸ்பின் 3/2, பாரிட்டி என்ற சமச்சீர் பண்பும் வேறு. இந்த நான்கு அலகு வித்தியாசத்தையும் ஒரே காமா கதிர் சுமந்துகொண்டு வெளியேற வேண்டும் என்பதால் காரியம் தாமதப்படுகிறது, அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகிவிடுகிறது. (இப்படிக் கிளர்ச்சி நிலையிலேயே நீண்ட நேரம் தங்கும் அணுக்கருவுக்கு ஐசோமர் என்று பெயர். அதை 1921இல் முதலில் கண்டவர் ஓட்டோ ஹான், ஸ்பின்தான் காரணம் என்று 1936இல் விளக்கியவர் வைசேக்கர்.) வெளிவரும் காமாவின் ஆற்றல் 754 கிலோ எலக்ட்ரான் வோல்ட், சில சமயம் அந்த ஆற்றலை அணுவின் எலக்ட்ரான் ஒன்று வாங்கிக்கொண்டு வெளியே பாயும்.

பத்து நிமிடம் கழித்து ஆயிரத்தில் ஒரு பங்கு ஐசோமர்கூட மிஞ்சாது. காமா கருவியின் திரையில் 754இல் இருந்த சிகரம் காணாமல் போயிருக்கும். சரி, முடிந்துவிட்டதா? இல்லை. அத்தனை கருக்களும் அடிநிலைச் சீரியம்-139 ஆகத்தான் மாறியிருக்கின்றன, அதன் அரை ஆயுள் சுமார் 138 நாள். அது எலக்ட்ரானைக் கவர்ந்து, 166 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவை வீசி, நிலையான லாந்தனம்-139 ஆகும். மாதக்கணக்கில் இது நடக்கும். ஆனால் அதே எண்ணிக்கைக் கருக்களை வைத்துக் கணக்குப் போட்டால் நொடிக்கு நடக்கும் சிதைவு, ஐசோமரில் இருந்ததில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குதான். குறைந்த ஆயுள் என்றால் இருக்கும் வரை உக்கிரம். நீண்ட ஆயுள் என்றால் மெல்ல மெல்ல.

எலும்பு ஸ்கேனுக்குப் போடும் டெக்னீசியம்-99எம் ஊசியும் ஐசோமர்தான். அதன் அரை ஆயுள் 6 மணி நேரம், அப்புறம் அது மாறும் டெக்னீசியம்-99இன் அரை ஆயுள் இரண்டு லட்சம் ஆண்டுக்கு மேல். இந்த இரண்டாவது எண்ணை மட்டும் தலைப்பில் போட்டால் எத்தனை நோயாளிகள் ஸ்கேனே வேண்டாம் என்று எழுந்து போவார்கள்! அவ்வளவு நீண்ட ஆயுள் என்பதாலேயே உடலில் மிஞ்சும் அந்தத் துளியின் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

அதனால் இனி ஒரு கதிரியக்கப் பொருளின் பெயர் வரும் இடத்தில், அது அடுத்து எதுவாக மாறுகிறது, அதன் அரை ஆயுள் என்ன, வீசும் கதிர் எது, அளவு எவ்வளவு என்று கூடவே இரண்டு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்,
நாகர்கோவில்