கடற்கரையில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

செனகலின் எம்பூர் கடற்கரையிலிருந்து நீ அனுப்பிய படங்களை அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். கன்னம் ஒட்டித்தான் போயிருக்கிறது, ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு. பக்கத்தில் ஈரத் தலையோடு நிற்கிற அந்த இரண்டு பெண்களும் யார் யார் என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அடுத்த முறை பெயர் போட்டு அனுப்பு.

படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்ததுதான் மனதை விட்டுப் போகவில்லை. தியெஸ் நகரில் பயிற்சி முடிந்து, கூட்டாளிகளோடு கடலுக்கு வந்து, "நான் இங்கே ஐஸ்கிரீம் சாப்பிடுகிறேன், அங்கே காவ்லாக் வெயிலில் என்னைத் தங்கவைத்திருக்கும் வீட்டு அம்மா கம்பு இடித்துக்கொண்டிருப்பார்" என்று எழுதியிருக்கிறாய். அதற்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை அங்கே அனுப்பிய அமெரிக்கத் தொண்டர் அமைப்பான பீஸ் கோர் 1961 முதல் 1976 வரை இந்தியாவிலும் இருந்தது உனக்குத் தெரியும். மயிலாடுதுறைப் பக்கம் நம் ஊருக்குக் கோழி வளர்ப்பு சொல்லித்தர ஓர் அமெரிக்கப் பையன் வந்திருந்த கதையைத் தாத்தா அடிக்கடி சொல்வார். வேறு ஊர்களில் இருந்த அவன் கூட்டாளிகள் அவ்வப்போது வந்து சேர, எல்லோருமாகத் தரங்கம்பாடிக்குக் கிளம்பிவிடுவார்களாம். மூக்குத் தோல் உரிய உரியத் திரும்பி வருவானாம். நம்மை விட்டுவிட்டுக் கூத்தடிக்கப் போனானே என்று ஊரில் ஒருத்தரும் நினைத்ததில்லை. கடலில் குளித்தாயா, என்ன மீன் தின்றாய் என்று திண்ணையில் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம். அவனுக்குச் சோறு போட்ட கிழவிக்குத்தான் பெரிய நிம்மதி. ஒரு வாரமாக முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த பிள்ளை சிரித்துக்கொண்டு வந்து சேர்ந்தானே!

உன் வீட்டு அம்மாவுக்கும் கண் இருக்கிறது, பாப்பா. நீ களைத்துப் போனது உனக்கு முன்னால் அவருக்குத் தெரிந்திருக்கும். நீ கடல் பார்த்ததால் அவர் உலக்கையின் கனம் கூடிவிடாது. நீ அங்கேயே வாடிக் கிடந்தாலும் அது குறையாது. 27 மாத வேலை இது. நடுவில் மூச்சு வாங்கிக்கொள்கிறவர்கள்தான் கடைசி வரை நிற்பார்கள்.

அந்தக் கூட்டாளிகளை விட்டுவிடாதே. உன் நாற்றங்காலை ஆடு மேய்ந்துவிட்டது என்றால் நாங்கள் போனில் "அச்சச்சோ" என்போம். அவர்களோ, எந்த முள்ளை வெட்டி எப்படி வேலி கட்டினால் ஆடு நுழையாது என்று சொல்வார்கள். அந்த நேரத்தில் உனக்கு வேண்டியது அதுதானே.

முருங்கையைக் கீரைப் பாத்தி மாதிரி நெருக்கி விதைத்து, அறுத்து அறுத்து எடுக்கிற முறையைப் பயிற்சியில் காட்டினார்கள் என்றாய். நம் ஊரில் கிளையை ஒடித்து நட்டால் மரமாக நிற்கிறதைப் பார்த்தே வளர்ந்தவள் அம்மா. அவளுக்கு இது பெரிய ஆச்சரியம். அந்தக் கீரையை வேர்க்கடலை அரைத்துப் போட்டுச் சமைக்கிறார்கள் என்று நீ சொன்னதைக் கேட்டு, உறையவைத்த முருங்கைக்கீரையை இங்கே நியூ ஜெர்சியில் எடிசன் கடையில் வாங்கி வந்து நேற்றே செய்து பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது, காரம் மட்டும் போதவில்லை.

சரி, கடல். அது அட்லாண்டிக், குளம் இல்லை. நீரோட்டம் இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதே. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு உள்ளே வா. தனியாக இறங்கவே கூடாது. மலேரியா மாத்திரையை விடுமுறை என்று விட்டுவிடாதே.

ஒரு நாள் மிச்சம் இருந்தால் ஜோவாலுக்குப் போய் வாருங்கள், எம்பூரிலிருந்து தெற்கே அதே கரைதான். பக்கத்திலேயே ஃபாதியூத் என்ற கிளிஞ்சல் தீவு இருக்கிறது. மரப்பாலத்தில் நடந்து போகலாம். அங்கே கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒரே கல்லறைத் தோட்டத்தில் கிளிஞ்சல்களுக்கு நடுவே உறங்குகிறார்கள். ஜோவால், செங்கோர் 1906இல் பிறந்த ஊர். செனகலின் முதல் அதிபர், கவிஞர். அவர் 1974இல் சென்னைக்கு வந்து, ஆப்பிரிக்கப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் சேர்த்துவைத்துப் பேசினார். நம் தமிழறிஞர் க.ப. அறவாணன் டக்காருக்கே போய்ப் பணியாற்றினார். அவர்கள் தேடிய மொழி உறவை மொழியியலாளர்கள் பொதுவாக ஏற்கவில்லை. அது எனக்குப் பெரிதில்லை. அவ்வளவு தூரத்தில் ஒரு நாட்டின் தலைவர் நம் மொழியை ஆராய வேண்டும் என்று ஆசைப்பட்டார், இன்று என் மகள் அவர் ஊர்க்கரையில் நடக்கப் போகிறாள் என்று நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

இன்னொன்று. வரிசையாக நிற்கும் வண்ணப் படகுகளைப் படம் எடுத்திருக்கிறாய். அந்த மாதிரிப் படகுகளில்தான் உன் வயதுப் பிள்ளைகள் கேனரித் தீவுகளுக்குக் கிளம்புகிறார்கள். போய்ச் சேராதவர்கள் நிறையப் பேர். வெளிநாட்டுக் கப்பல்களும் மீன்மாவு ஆலைகளும் வந்த பிறகு கரைக்கு வரும் மீன் குறைந்துவிட்டது என்று அங்குள்ள மீனவர்கள் சொல்லிக்கொண்டேயிருக்கிறார்கள். மீன் காயவைக்கிற பெண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசு. உன் வோலோஃப் மொழி இப்போது நன்றாகத் தேறியிருக்கும்.

அவர்களிடமே உன் வீட்டு அம்மாவுக்குக் கருவாடு வாங்கு. மீன் சோற்றுக்குப் போடுவார்களே, அந்த வகை கேட்டு வாங்கு. பெரியவர்களுக்குக் கோலா கொட்டை. ஏழு பேரை அடைத்துக்கொண்டு போகிற அந்தப் பழைய பெஜோ வண்டியில் கருவாட்டு வாசனை மற்றவர்களைப் படுத்தும், அதனால் இரண்டு மூன்று சுற்றாக நன்றாகக் கட்டிக்கொள். ஊர் போய்ச் சேர்ந்ததும் எத்தனை மணியானாலும் ஒரு செய்தி போடு.

அன்புடன்,
அப்பா