கோடை விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு: அரிவாள், கோடாரி பற்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

அடுத்த வாரத்தோடு வகுப்புகள் முடிகின்றன. தேர்வு முடிவு, புதுப் புத்தகம் பற்றியெல்லாம் வகுப்பாசிரியர்கள் சொல்லிவிடுவார்கள். நான் எழுத வந்தது வேறு விஷயம்.

போன மாதம் நம் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், நுங்கு சீவும்போது இடது கை ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டான். ரத்தம் நின்றதும் வீட்டில் துணி சுற்றி விட்டுவிட்டார்கள். காயம் ஆறிவிட்டது; விரல் மடங்கவில்லை. உள்ளே தசைநாண் அறுந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. கணக்குத் தேர்வன்று அவன் பக்கத்தில் நின்றேன். ஸ்கேலை அழுத்திப் பிடிக்க அந்த விரல் வரவில்லை. கோடு போடும்போதெல்லாம் ஸ்கேல் நழுவியது. மூன்று முறை அழித்தான், நான்காவது முறை கோணலாகவே விட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போனான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவன் சேட்டை செய்யவில்லை. அப்பா காயை உள்ளங்கையில் ஏந்தி, ஒரே வீச்சில் சீவுவதைத் தினமும் பார்த்தவன், அதையே செய்தான். அப்பா கைக்கு அது இருபது வருசப் பழக்கம். அரிவாளின் கனமும் அந்தக் கைக்குத்தான் சரி. பிள்ளைகள் நம் வாய் சொல்வதைவிட நம் கை செய்வதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால், பிள்ளை முன்னால் சீவும்போது காயைக் கட்டைமேல் வைத்துச் சீவுங்கள். கொஞ்சம் நேரமாகும், பரவாயில்லை.

ஆயுதத்தைத் தொடவே விடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பேர்போன சீமை இது. நம் பிள்ளைகளுக்கு அரிவாள் பிடிக்கத் தெரிய வேண்டும். ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்க வேண்டும். தனியாக விடக்கூடாது.

கோடாரியை எடுத்தால் முதலில் காம்பைப் பாருங்கள். இந்த வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், தலை ஆடும். ஓங்கும்போது கழன்றால் எதிரில் இருப்பவர் மேல்தான் போய் விழும். நம் ஊரில் தண்ணீரில் ஊறப் போட்டு இறுக்குவார்கள். அது காய்ந்ததும் முன்னைவிட லொடலொடக்கும். ஆப்பு அடித்து இறுக்குவதுதான் சரி. இன்னொன்று, மொக்கைக் கோடாரி பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். மொக்கையானது மரத்தில் இறங்காமல் வழுக்கி முழங்காலுக்குத் திரும்பும். நன்றாகத் தீட்டியதுதான் சொன்ன இடத்தில் இறங்கும்.

விறகு பிளக்கும்போது கட்டையை இன்னொரு தடித்த கட்டைமேல் நிறுத்தி, காலை அகட்டி நின்று, இறக்கும்போது முழங்காலை மடக்க வேண்டும். குறி தவறினாலும் கோடாரி மண்ணில் பாயும், கணுக்காலுக்கு வராது. சுற்றிலும் கையும் கோடாரியும் சேர்ந்த நீளத்துக்கு இரண்டு மடங்கு தூரம் ஆள் இருக்கக்கூடாது. பிளந்ததைப் பொறுக்கச் சின்னப் பிள்ளையை அருகில் உட்கார வைக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். வெட்டு நின்று, கோடாரி தரையில் படுத்த பிறகு பொறுக்கட்டும்.

சீமைக்கருவேலம் வெட்டுகிற வீடுகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். வளைந்து இழுபட்டு நிற்கும் கிளையை வெட்டினால் வில் மாதிரி விசிறி அடிக்கும். முள் கண்ணுக்கு வரும். ரப்பர் செருப்பு அந்த முள்ளைத் தாங்காது. கரிமூட்ட வேலைக்கோ கூலி வெட்டுக்கோ பிள்ளைகளை அனுப்பவே வேண்டாம். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை வேலைக்கு வைப்பது 1986ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2016 திருத்தமும் சொல்கிற குற்றம்.

அரிவாளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்கவேண்டாம். கீழே வைத்தால் மற்றவர் எடுத்துக்கொள்வார். இறவாணத்தில் செருகி வைப்பதும், இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிள் ஏறுவதும் ஆபத்து. சாக்கில் சுற்றிக் கட்டி எடுத்துப் போகலாம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அரிவாள்மனை நிமிர்ந்து நிற்கக்கூடாது. வேலை முடிந்ததும் மடக்கி உயரத்தில் வையுங்கள்.

வெட்டுப்பட்டால் மஞ்சள், காபித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை வைத்து, பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள்; கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். ரத்தம் நிற்காவிட்டால் 108. விரல் மடங்கவில்லை, மரத்துப்போயிருக்கிறது என்றால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரல் துண்டானால் ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். விரல்மேல் நேராக ஐஸ் படக்கூடாது. ரணஜன்னி வராமல் தடுக்க 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. (Td) ஊசி போட்டாயிற்றா என்று தடுப்பூசி அட்டையைப் பார்த்துவிடுங்கள். விட்டுப்போயிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் போடுவார்கள்.

வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு வேப்பமரத்தடியில் கூடுவோம். கொல்லுப்பட்டறை ஆசாரி காம்புக்கு ஆப்பு அடிப்பதையும் அரம் போடுவதையும் காட்ட ஒத்துக்கொண்டிருக்கிறார். சுகாதார நிலையச் செவிலியர் கட்டுப் போடக் கற்றுத் தருவார். ஆடுகிற கோடாரி இருந்தால் சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள். அந்தப் பையனின் அப்பாவும் வருகிறார், காயைக் கட்டைமேல் வைத்துச் சீவிக் காட்ட.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்