மேட்டுப்பாளையம் பிக்கப் வண்டிக்காரர்கள் சங்கம்: 2025ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகிகளே, உறுப்பினர் சகோதர சகோதரிகளே, ஓட்டுநர் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்களுக்குச் சற்று முன் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தினோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. பூண்டு வரத்து உச்சத்தில் இருந்த மாதத்தில் மட்டும் கோரம் சேராமல் மறு வாரத்துக்குத் தள்ளினோம். வண்டி நிறுத்தும் இடம் குறித்த நம் மனு மூன்றாவது முறையாகவும் "பரிசீலனையில்" இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

தொழில் நிலவரத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புது வண்டி எடுக்கக் காத்திருந்தவர்களுக்கு அது நல்ல சேதி. பழையதைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுக்கலாம் என்று இருந்தவர்களுக்குத்தான் கையைக் கடித்தது. "புதுசே இந்த விலைக்கு வருதுங்களே" என்று புரோக்கர்கள் ஒரே பாட்டாகப் பாடி, நம் வண்டிகளின் மதிப்பைக் குறைத்தார்கள். வரிக்குறைப்பால் மிச்சமானதில் ஒரு பகுதி இப்படிப் பழைய வண்டியின் விலையில் போய்விட்டது. எக்ஸ்சேஞ்சில் போக நினைப்பவர்கள் இரண்டு கணக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்க்கவும்.

டாடா ஏஸ் சந்தைக்கு வந்து இந்த மே மாதத்தோடு இருபது ஆண்டு நிறைந்தது. 2005இல் 702 சி.சி., இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜினோடு அது வந்தபோது சிரித்தவர்கள் பலர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். இன்று குட்டியானை இல்லாத மண்டி உண்டா? 2011இல் ஓசூரிலிருந்து லேலண்டு தோஸ்த் வந்தது. மலை ஏறி இறங்குகிறவர்கள் பொலேரோ பிக்கப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஆக நம் சங்கத்தில் மூன்று கட்சி. மாருதி சூப்பர் கேரி வைத்திருப்பவர்கள் சுயேச்சைகள்.

இந்தக் கட்சிச் சண்டை இந்த ஆண்டு கொஞ்சம் பயனுள்ள வழியில் திரும்பியது. எந்தக் கம்பெனி வண்டி உழைக்கிறது, எது செலவு வைக்கிறது என்று டீக்கடையில் கத்துவதைவிட எழுதியே பார்த்துவிடலாம் என்று ஜனவரிக் கூட்டத்தில் முடிவெடுத்தோம். உறுப்பினருக்கு ஒரு நோட்டு கொடுத்தோம். வண்டிக்குச் செய்த வேலை, தேதி, கிலோமீட்டர், செலவு, ரிப்பேர் ஏன் வந்தது என்ற காரணம், இவ்வளவுதான் எழுத வேண்டியது.

டிசம்பரில் நோட்டுகளை வாங்கிப் படித்தேன். படித்து முடித்தபோது வண்டிகளைப் பற்றி அவ்வளவாகத் தெரியவில்லை. உறுப்பினர்களைப் பற்றி நன்றாகத் தெரிந்தது. தன் வண்டியில் கிளட்ச் பிளேட் போனால் "தேய்மானம், லோடு அதிகம்" என்று எழுதியிருக்கிறார்கள். நோட்டின் கடைசிப் பக்கத்தில், யாரும் கேட்காமலே, மச்சானின் வேறு கம்பெனி வண்டியில் அதே பிளேட் போனதை "கம்பெனி டிபெக்ட்" என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் டர்போவுக்குச் செய்த செலவைத் தீபாவளிச் செலவோடு சேர்த்துவிட்டார். அவர் பத்து வருடமாக அந்தக் கம்பெனியைத் தவிர வேறு எதையும் தொடாதவர். எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் இந்தப் பொதுக்குழு இன்றைக்கு முடியாது.

ஒழுங்காக வந்த நோட்டுகளில் முதல் இடம் காரமடையில் கறிவேப்பிலை வியாபாரம் செய்யும் அக்காவுடையது. அவரிடம் இரண்டு கம்பெனியின் வண்டிகள், ஒன்று ஒன்று வீதம். எந்த டிரிப், என்ன எடை, எவ்வளவு டீசல், யார் ஓட்டினார் என்பதுவரை எழுதியிருக்கிறார். ஆண்டின் முதல் பாதியில் இரண்டு வண்டிக்கும் செலவு கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்தது. ஆடியில் இரண்டு வண்டிக்கும் புது ஓட்டுநர்களை வைத்தார். அதன்பின் ஒரு வண்டியின் பிரேக் பேட், கிளட்ச், டயர் மூன்றும் வேகமாகத் தேய ஆரம்பித்தன. புரட்டாசியில் அந்த இருவரையும் வண்டி மாற்றி ஓட்டவிட்டார். தேய்மானம் ஆளோடு சேர்ந்து மற்ற வண்டிக்குப் போனது. நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, "எனக்கு எந்தக் கம்பெனியும் மாமன் மச்சான் இல்லீங்க" என்றார். அடுத்த வண்டி எது எடுப்பீர்கள் என்று கேட்டேன். யோசிக்காமல் ஒரு பேரைச் சொன்னார். காரணம், அந்த வண்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டும் மெக்கானிக் அவர் தெருவில் இருக்கிறார். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் டார்ச்சோடு வந்து நிற்பாராம்.

நம்மில் பலருடைய விசுவாசத்துக்கும் இதுதான் அடி என்று நினைக்கிறேன். அப்பா ஓட்டிய வண்டி, முதல் கடன் கொடுத்த பைனான்ஸ்காரர் கைகாட்டிய ஷோரூம், பழகின மெக்கானிக், பத்தடி தூரத்தில் ஸ்பேர் கிடைக்கும் கடை, விற்கப் போனால் நாலு பேர் கேட்டு வருவது. இதில் தப்பு ஒன்றும் இல்லை. ஓட்டாத வண்டிக்கும் டியூ தேதி வரும். சீக்கிரம் ரிப்பேராகி ரோட்டுக்கு வருகிற வண்டிதான் நமக்கு நல்ல வண்டி. ஆனால் அதற்காக நோட்டில் பொய் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வரும் ஆண்டு காரணம் எழுதும் கட்டத்தை எடுத்துவிட்டோம். தேதி, கிலோமீட்டர், பொருள், தொகை மட்டும். அதையும் மெக்கானிக்கே எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அடுத்து, ஆகஸ்டில் நடந்த பிரேக் முகாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

குன்னூரிலிருந்து நம் ஊர் வரை முப்பது சொச்சம் கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் இறக்கம், 14 கொண்டை ஊசி வளைவு. கேரட் மூட்டையோடு இறங்கும் வண்டியில் பிரேக் நாற்றம் வந்தால் "மலைன்னா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். முகாமுக்கு வந்த வண்டிகளுக்கு அடியில் மெக்கானிக்குகள் படுத்துப் பார்த்தபோது வேறு கதை தெரிந்தது.

பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே எல்.எஸ்.பி.வி. என்று ஒரு வால்வு இருக்கிறது. அதிலிருந்து ஒரு கம்பி ஆக்சிலுக்குப் போகும். லோடு ஏறினால் சேசிஸ் தாழும், கம்பி வால்வைத் திருப்பும், பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தம் கூடும். காலி வண்டியில் சேசிஸ் உயர்ந்திருக்கும். பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் இருக்க வால்வு அழுத்தத்தைக் குறைக்கும். எடையை அளக்க அதற்கு வேறு வழி கிடையாது. சேசிஸ் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதுதான் அதன் தராசு.

நாம் என்ன செய்கிறோம்? வண்டி டெலிவரி எடுத்த கையோடு பட்டறைக்குப் போய் பின் ஸ்பிரிங்கில் எக்ஸ்ட்ரா பட்டை போடுகிறோம். அதற்குப்பின் எவ்வளவு ஏற்றினாலும் பின்பக்கம் தாழ்வதில்லை. அதைப் பார்த்து, "எப்படி நிக்குது பாரு" என்று பெருமை வேறு. வால்வுக்கோ வண்டி காலியாக இருப்பதாகவே தெரியும். இரண்டு டன் மூட்டை மேலே இருக்கும்போது பின் பிரேக் காலி வண்டிக்கு வேலை செய்வதுபோல் செய்யும். மொத்தச் சுமையும் முன் டிஸ்க் பிரேக்குக்குப் போகும். மலை வழியில் உள்ள பர்லியார் வருவதற்குள் பெடல் கீழே போவது இதனால்தான். அதுவரை கம்பெனியைத் திட்டியவர்கள் முகாமில் கொஞ்சம் அமைதியானார்கள்.

சில வண்டிகளில் கம்பி ஆக்சிலில் மாட்டப்படவே இல்லை. பட்டை போட்ட பட்டறையில் கழற்றியதைத் திரும்ப மாட்டாமல், ஆடக் கூடாது என்று பிளாஸ்டிக் கயிற்றால் சேசிஸோடு கட்டி வைத்திருந்தார்கள். கயிற்றைக் காட்டியபோது உரிமையாளர், "ஏதோ வயர் தொங்குதுன்னு நெனச்சனுங்க" என்றார். இன்னொரு வண்டியில் கம்பியை முழு லோடு நிலையிலேயே இழுத்து முறுக்கியிருந்தார்கள். அது இன்னும் ஆபத்து. காலியாக மழையில் இறங்கும்போது பின் சக்கரம் பூட்டி வண்டி குறுக்கே திரும்பிவிடும்.

பட்டை போட்டே தீருவேன் என்பவர்கள் போட்டபின் வால்வுக் கம்பியின் நீளத்தைச் சரிபார்த்து வைக்கத் தெரிந்தவரிடம் போங்கள். பட்டையை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யூ-போல்ட்டை நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி முறுக்குங்கள். அதைவிடச் சுலபம், ஆர்.சி.யில் உள்ள எடையை மட்டும் ஏற்றுவது. பிடிபட்டால் 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 என்பது உங்களுக்குத் தெரியும். வாடகைக்குப் பேரம் பேசும் மண்டிக்காரருக்கும் அது தெரியும், அவர் மறந்துவிடுவார்.

பிரேக் ஆயில் விஷயமும் முகாமில் வந்தது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். புதிதாக இருக்கும்போது 230 டிகிரியைத் தாங்க வேண்டிய டாட் 4 ரக ஆயில், ஈரம் ஏறியபின் 155 டிகிரியில் கொதிக்கத் தொடங்கும். டாட் 3 என்றால் புதிதில் 205, ஈரம் ஏறினால் 140. கொதித்தால் பைப்பில் நீராவி, பெடல் பஞ்சு. குறைந்தால் மேலே ஊற்றுவது மாற்றுவது ஆகாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க இறக்கி மாற்ற வேண்டும். சங்கத்தின் சார்பில் மொத்தமாக டாட் 4 வாங்கினோம். கம்பெனி பேர் போட்ட டப்பாதான் வேண்டும் என்று சிலர் அடம்பிடித்ததில் கொஞ்சம் மீதம் இருக்கிறது. திறந்த டப்பாவை யாருக்கும் தர மாட்டோம். காரணம் இப்போதுதான் சொன்னேன். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். விரிசல் விடும். நிறுத்தி, டீ குடித்துவிட்டு வாருங்கள், அதுவே ஆறிவிடும். ஏறிய கியரில் இறங்குங்கள் என்று ஓட்டுநர் தம்பிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடச் சொல்லும் முதலாளிகளுக்குத்தான் சொல்கிறேன்.

பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிக்காரர்களின் புலம்பல் இந்த ஆண்டும் தொடர்ந்தது. புகை வடிகட்டியில் கரி சேர்ந்தால் அதை எரிக்க 600 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். மண்டிக்கும் ரயில் கூட்ஸ் ஷெட்டுக்கும் இடையிலேயே நாள் முழுக்க உருளும் வண்டிக்கு அந்தச் சூடு வராது. டாஷ்போர்டில் விளக்கு எரிந்தால் கோவை ரோட்டில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டிவிட்டு வாருங்கள், பெரும்பாலும் அணைந்துவிடும். அணையாமல் இரண்டாவது விளக்கும் வந்தால் மட்டும் சர்வீசுக்குப் போங்கள். ஓர் உறுப்பினர் விளக்கின் மேல் பொட்டு ஒட்டி மறைத்திருந்தார். அவருடைய பில்லை அவர் அனுமதியோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். ஒரு சென்சாருக்காக வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவைத்த சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குச் சங்கம் கடிதம் எழுதியது; பதில் வந்தது, சென்சாரும் வந்தது. கம்ப்யூட்டர் மாட்டிப் பார்க்கத் தெரிந்த இளைஞர்கள் நம் ஊர்ப் பட்டறைகளிலும் வந்துவிட்டார்கள். பழைய மெக்கானிக் அண்ணன்மார் அவர்களைச் சேர்த்துக்கொண்டால் வேலை கையைவிட்டுப் போகாது.

ஓட்டுநர் உரிமம் குறித்து இன்னும் கேள்வி வருவதால் மறுபடி சொல்கிறேன். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. எல்.எம்.வி. என்ற இலகு ரக வாகன உரிமம் உள்ளவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனிப் பேட்ஜ் இல்லாமல் ஓட்டலாம். இன்ஷூரன்ஸ்காரர் பேட்ஜ் இல்லை என்ற காரணத்தைச் சொல்லி இழப்பீட்டை மறுத்தால் சங்கத்துக்கு வாருங்கள், தீர்ப்பின் நகல் இருக்கிறது. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எப்.சி. என்ற தகுதிச் சான்று ஆண்டுதோறும் எடுக்க வேண்டும் என்பதையும் சிலர் மறந்துவிடுகிறீர்கள்.

இனி நடைமுறை. சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப்பையில் இருக்கிறது. புதிய நோட்டுகள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஆயில் கடையில் கிடைக்கும், ஆர்.சி. நகலோடு போனால் கொடுப்பார்கள். அடுத்த பிரேக் முகாமைக் கோடை சீசன் கூட்டம் மலையில் ஏறுவதற்கு முன், மார்ச் மாதத்திலேயே நடத்த நிர்வாகக் குழு தீர்மானித்திருக்கிறது. இந்த முறை வண்டியைக் காலியாகக் கொண்டுவர வேண்டாம். வழக்கமாக ஏற்றும் லோடோடு வாருங்கள். எடைமேடைக் கட்டணத்தைச் சங்கமே கட்டும்.

இங்ஙனம்,
செயலாளர்