எங்க மூத்தோர் சங்கம்: செயலாளரோட ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். பொங்கல் விழா நல்லபடியா நடந்துச்சு, தெருவிளக்குக்கு மனு குடுத்தாச்சு, இன்னும் எரியல. கணக்கை பொருளாளர் வாசிப்பாரு. மிச்சமெல்லாம் சுகர் பிரஷர் விஷயந்தான், ஏன்னா இந்த வருஷம் நாம உருப்படியா செஞ்சது அது ஒண்ணுதான்.

அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்சு 2024ல ஐ.நா. விருதே வாங்கிடுச்சு, மாத்திரை வீட்டுக்கே வருது, ஆனா வந்த மாத்திரை டப்பாவுலயே கெடக்கே! உடம்பு நல்லாத்தானே இருக்குன்னு பாதில நிறுத்துறவங்க நம்மள்லயே எத்தனை பேரு. அதான் துணை சுகாதார நிலையத்து சிஸ்டரை மாசம் ஒருதடவை இங்க வந்து பாக்கச் சொல்லி கேட்டோம், தட்டாம வந்தாங்க.

லெக்சரெல்லாம் அடிக்கல. நம்ம உறுப்பினர் ஒருத்தருக்கு இன்சுலின் ஏத்திக்கிட்டே போயும் சுகர் இறங்கல, திருட்டுத்தனமா ஸ்வீட் சாப்பிடுறாருன்னு வீட்ல சண்டை. சிஸ்டர் சட்டையத் தூக்கச் சொல்லி தொப்புள் பக்கம் விரலால தடவிப் பாத்தாங்க, கட்டி கட்டியா இருக்கு. அங்க வலிக்கலன்னு தினம் ஒரே எடத்துல குத்தியிருக்காரு, கட்டிக்குள்ள போட்டா மருந்து சரியா ஏறாதாம். "எடத்த மாத்துங்க ஐயா, ஆனா மாத்துனா நல்லா ஏறி சுகர் டக்குனு இறங்கலாம், டாக்டர்கிட்ட அளவு கேட்டுட்டு மாத்துங்க"ன்னாங்க. சுகர் 70க்கு கீழ போனா 3 டீஸ்பூன் சர்க்கரை தண்ணில கரைச்சு குடிச்சிட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பாக்கணும்னு அவரு சம்சாரத்துக்கும் சொல்லிக் குடுத்தாங்க. பாவம், ஸ்வீட் பழி வீணா சுமந்தாரு மனுஷன்.

பிரஷர் பாக்குறதுக்கு முன்னாடி 5 நிமிஷம் சும்மா உக்காரணும், அரைமணி நேரத்துக்குள்ள காபி கூடாது, பேசக்கூடாது. கடைசிது நம்மாளுங்களால முடியவே இல்ல. இப்ப அவங்கவங்க ரீடிங்க அவங்கவங்களே நோட்டுல எழுதுறாங்க, ஏறுனா எதனாலன்னு அவங்களே யோசிக்கிறாங்க, கல்யாண வீட்டு ஊறுகாய்னு ஒருத்தர் எழுதியே வச்சிருந்தாரு.

சிஸ்டர் லேட்டா வர்றாங்கன்னு முணுமுணுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: தடுப்பூசி, கர்ப்பிணி, ரெஜிஸ்டர்னு அத்தனையும் அவங்க தலைலதான்.

குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப் சங்கக் காசுலதான் வாங்குறோம், சந்தா பாக்கி வச்சிருக்கவங்க இன்னைக்கே பொருளாளரப் பாருங்க. வெறும் வயித்துல டெஸ்டுக்கு வர்றவங்க டிபன் பாக்ஸ் கையோட கொண்டாங்க.